தவநாயகி ஓட்டிவிட்ட காட்சி

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு லண்டன் குட்மேய்ஸில் எங்களைத் தேடி யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். நாங்கள் இருபது பெண்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஸ்பானியப் படம் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. தெரிந்த ஒரே ஆள் தவநாயகி அக்கா, எங்களுக்குத் தவமக்கா. திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, படத்தில் யார் என்ன சொன்னாலும் உடனுக்குடன் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிவிடுவார். தேத்தண்ணீர் ஊற்றுவது சுசிலாவாகிய என் பொறுப்பு. வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் பொறுப்புத்தான், ஆனால் அது எனக்குச் சரிவருவதில்லை.

தவமக்காவையும் அவருடைய கணவர் அம்பலவாணன் அண்ணையையும் லண்டனுக்கு என்று சொல்லிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஸ்பெயினில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். வலென்சியாவில் ஏழு வருடம். அண்ணை ஆரஞ்சுத் தோட்டங்களில் தோடம்பழம் பிடுங்கினார். அக்கா மெர்செதெஸ் என்ற ஒரு முதிய பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அந்த அம்மாவுக்குப் பின்னேரங்களில் படம் ஓடியே ஆகவேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே அக்கா மொழியைப் பிடித்துவிட்டார். மகள் கஜந்தினி பிறந்ததும் அங்கேதான். குடும்பம் லண்டனுக்கு வந்து சில வருடங்களில் அந்த அம்மா இறந்துபோக, அவருடைய மகன் ஒரு பெட்டி நிறைய டிவிடி அனுப்பிவைத்தார். எங்கள் சனிக்கிழமைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்தவை.

எங்களுக்கு ஏன் இந்தப் படங்கள் பிடிக்கின்றன என்று என் மகன் கேட்டான். நம் படங்களில் அம்மா என்றால் மூலையில் நின்று கண்ணைக் கசக்குபவள். இந்தப் படங்களில் அவள் நடுவில் நிற்கிறாள். புருஷன் செத்தால் ஊரே கேட்க அழுகிறாள், அடுத்த நாள் கடையைத் திறக்கிறாள். அக்காளும் தங்கையும் குசினிக்குள் அடுப்படியில் நின்று பழைய கதைகளைக் கிளறிச் சண்டை பிடிக்கிறார்கள். வெளியாள் ஒருவன் வாயைத் திறந்தால் இருவரும் சேர்ந்து அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். முதல் நாள் வந்த பிறேமினி, இது எங்கள் வீட்டுச் சண்டைதானே, இதை இவர்கள் எப்போது படம் பிடித்தார்கள் என்று கேட்டாள்.

அக்காவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். முத்தக் காட்சி என்றால் ரிமோட்டை அழுத்திப் படத்தை முன்னுக்கு ஓட்டிவிடுவார். முத்தம் வரப்போகிறது என்பது அந்த நடிகர்களுக்குத் தெரியும் முன்பே அக்காவின் பெருவிரலுக்குத் தெரிந்துவிடும். வலென்சியாவிலும் இதே கதைதானாம். முகங்கள் நெருங்கியதும் எழுந்து குசினிக்குப் போய்விடுவாராம். எங்களில் ஆகச் சின்னவளுக்கு நாற்பத்தொரு வயது. எல்லாருக்கும் மூத்த கனகாம்பிகை மாமி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"பிள்ளை, எனக்கு எழுபத்து மூண்டு. இனிக் கெட்டுப்போக என்ன கிடக்கு?"

அக்கா அசையவில்லை. பெருவிரல் மட்டும் அசைந்துகொண்டேதான் இருந்தது.

பெட்டியில் உள்ளவற்றில் அக்காவின் உயிர் ஒரு பாண்கடைப் படம். கடலோர ஊரில் ஒரு விதவை, மூன்று பெண்பிள்ளைகளோடு ரொட்டி சுட்டு விற்கும் பாண்கடை நடத்துகிறாள். நடுவிலாள் தாயைக் கேட்காமல் ஒரு லொறிக்காரனோடு போக முடிவெடுக்கிறாள். கடைக்குப் பின்னால், சந்துபோன்ற ஒழுங்கையில் லொறி நிற்கிறது. அவளும் அவனும் நெருங்குகிறார்கள். இந்த இடத்தில் அக்கா ஓட்டிவிடுவார். அடுத்து நாங்கள் பார்ப்பது, தாய் தனியாக நின்று மாப் பிசைவதும், லொறி போகும் சத்தமும். வழியனுப்பக்கூட அவள் வெளியே வரவில்லை. இதோடு படம் முடியும். ஒவ்வொரு முறையும் அக்கா திரையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்.

"அவ வெளியில வரேல்லை, பாத்தீங்களோ? தாய் எண்டா அப்பிடி இருக்கோணும்."

இதை அவர் யாருக்குச் சொல்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் கஜந்தினி ஒரு வெள்ளிக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில் கல்யாணப் பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தாய்க்குப் போன் எடுத்தாள். மாப்பிள்ளை மத்தேயோ, கொலம்பியாக்காரன், எலக்ட்ரீஷியன். திரையில் வரும் முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் குரல் கொடுக்கிறவர், அதே மொழி பேசும் சொந்த மருமகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் குடியிருக்கும் வால்தம்ஸ்டோப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்கு நண்டுக்கறி வைப்பார். ஏனக்கா என்று கேட்டால், கை பழகிவிட்டது என்பார். அம்பலவாணன் அண்ணை அதில் பாதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, இல்ஃபோர்ட் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிடுவார். எந்த லைப்ரரிக்கு நண்டுக்கறி கொண்டுபோகவேண்டும் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் கஜந்தினியும் மத்தேயோவும் அதே வால்தம்ஸ்டோவில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். ஞாயிறு காலை பால் காய்ச்ச நாள் வைத்தாகிவிட்டது. அம்மா வந்துதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று கஜந்தினி போனில் கேட்டிருக்கிறாள். ஏலாது என்று அக்கா போனை வைத்துவிட்டார். அண்ணை என்னிடம் வந்து, இந்த முறையும் போகாவிட்டால் மகள் இனிக் கூப்பிடமாட்டாள், நீயாவது சொல்லிப்பார் என்று கெஞ்சினார். சொன்னேன். பாண்கடைக்காரியைப் பார், அவள் அசைந்தாளா என்று அக்கா திருப்பிக் கேட்டார். பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் சனிக்கிழமை அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு வந்தார். மனத்துக்குத் தெம்பு தேவைப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாம் வழக்கம்போலத்தான் போனது. ஒழுங்கையில் லொறி வந்து நின்றது. நடுவிலாளும் அவனும் நெருங்கினார்கள். அக்காவின் பெருவிரல் அழுத்தியது. படம் முன்னுக்கு ஓடவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டி, கையை நீட்டிப் பிடித்து அழுத்தினார். பற்றரி செத்துவிட்டது. மெஷின் இருந்தது மண்டபத்தின் அடுத்த கரையில். அக்கா அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் முத்தமிட்டே விட்டார்கள். நாங்கள் சிலர் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தோம்.

"விடு பிள்ளை, ஓடட்டும்" என்றார் கனகாம்பிகை மாமி.

அப்போது கடையின் பின்கதவு திறந்தது. தாய் வெளியே வந்தாள்.

நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இடுப்பில் கட்டிய துணியெல்லாம் மா. மகளைத் தாண்டி நேராக அந்தப் பையனிடம் போனாள். துணியில் சுற்றிய பாணை அவன் கையில் வைத்து, ஏதோ சொன்னாள். திரும்பும்போது மகளின் தலையில் ஒட்டியிருந்த மாவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அந்த மாப் பிசைகிற காட்சி.

மண்டபத்தில் முதல் தடவையாகப் படம் தமிழில்லாமல் ஓடியது. அக்கா மெஷினில் கையை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னாள் என்று மாமி கேட்டார்.

"பொடியனிட்டைச் சொல்லுறா. இவள் பசி வந்தாச் சரியான கோவக்காரி, முதல்ல சாப்பாட்டைக் குடு, பிறகு கதை எண்டு." அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "அவ வந்திருக்கிறா. இருவத்தைஞ்சு வருசமா நான் குசினிக்கை நிண்டிருக்கிறன்."

நாங்கள் நாலு வருடமாகக் கெட்ட பழக்கம் என்று சிரித்துக்கொண்டிருந்தது இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறது. அக்கா மெஷினின் பொத்தானை அழுத்திப் படத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், அந்த இடத்தை எங்களுக்கு இன்னொரு முறை போட்டுக் காட்டினார். முத்தத்தையும் சேர்த்துத்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. சுசிலா, வெளிக்கிடு என்று மட்டும் சொன்னார். புதுப் பால்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா, பக்கத்தில் நான், பின்சீட்டில் அம்பலவாணன் அண்ணை. 86 பஸ்ஸில் ஏறி இல்ஃபோர்டில் இறங்கி 123 பிடித்தோம். அண்ணை வழி தெரியாதவர் போல ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். வால்தம்ஸ்டோவில் இறங்கும் இடம் வந்ததும் எங்களுக்கு முன்னால் மணியை அழுத்தியது அவர்தான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"லைப்ரரி வந்திட்டுதோ?"

கதவைத் திறந்தவன் மத்தேயோ. வேட்டி கட்டியிருந்தான், அதன்மேல் எலக்ட்ரீஷியன் பெல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தான். வாங்கோ மாமி என்றான். அக்கா வாசலில் நின்றபடியே அவனிடம் ஸ்பானிஷில் பேசினார். மூன்று வருடத்தில் முதல் பேச்சு. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் முதல்நாள் இரண்டு தடவை கேட்ட வசனம் விளங்காமல் போகுமா? பசி வந்தால் இவள் கோபக்காரி, முதலில் சாப்பாட்டைக் கொடு, பிறகு பேசு.

மத்தேயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தமிழில் சொன்னான்.

"தெரியும் மாமி. மூண்டு வருசமாத் தெரியும்."

அவனுக்குப் பின்னால் கஜந்தினி சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, தாயைக் கண்டதும் அப்படியே நின்றாள். மத்தேயோ குனிந்து, தங்கள் ஊர் வழக்கப்படி அக்காவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான். தவமக்காவின் இரண்டு கையிலும் பால்சட்டி. ஓட்டிவிட வழியில்லை. நின்று வாங்கிக்கொண்டார்.