டவாலி வீரையா கூப்பிட்ட பெயர்

வீரையா கோர்ட்டு டவாலி. எழுபத்து மூன்றில் சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்து, கூடலூர் வந்து சேர்ந்தவன். தேயிலை எஸ்டேட்டில் அவன் ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான், கோர்ட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவனைப் பெயர் கூப்பிட நிறுத்தினார்கள். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலைதான். நிரந்தர ஆர்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் வாரண்ட். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வீரையா இருமுவான், தலைப்பாகையைச் சரி செய்வான், தண்ணீர் குடிப்பான். அந்த இடைவெளியில் டீக்கடையிலிருந்து ஓடிவந்து தப்பியவர்கள் உண்டு. அதற்காகப் போன மாதம் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தரம் செய்தால் ஆர்டரை மறந்துவிடலாம் என்று ஹெட்கிளார்க் ஆறுக்குட்டி சொல்லியிருந்தார்.

அன்று அக்கா மருதாயி தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். தேவாலாவில் குடிசை போட்ட இடம் காட்டிலாகாவுடையது என்று அவள் புருஷன் அய்யாவு மேல் கேஸ்; ஜாமீனில் இருந்தார். போன வாய்தாவுக்கே அவர் வரவில்லை.

"மச்சான் எங்கக்கா?"

"ரோட்டுல மரம் விழுந்து பஸ்ஸு நிக்குது. நான் எறங்கி நடந்து வந்துட்டேன். அவருக்குத்தான் நடக்க ஏலாதே. தம்பி, கொஞ்சம் மெதுவா கூப்புடுடா."

உள்ளேயிருந்து ஆறுக்குட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க வீரையா, இன்னிக்குத் தண்ணி தவிக்காதுங்களே?"

"இல்லீங்க."

"அப்பக் கூப்புடுங்க."

வராந்தா ஓரம் நின்று கூப்பிட்டான். ஒன்று. இரண்டு. மருதாயி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. இருமல் வரவில்லை. உள்ளே போய், "ஆள் இல்லீங்க" என்றான். வேறு யாரோ சொன்னதுபோல அவன் காதிலேயே விழுந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அய்யாவு காலை இழுத்துக்கொண்டு படியேறினார். "மரம் விழுந்துருச்சுங்க ஐயா" என்றார். இரண்டு வாய்தா தவறிவிட்டதால் ஜாமீன் ரத்து என்றார்கள். போலீஸ்காரர் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போது அய்யாவு திரும்பி, "இன்னிக்கு நீ கூப்புடலியா மாப்ள?" என்று கேட்டார்.

"கூப்பிட்டேன் மச்சான்."

மருதாயி திட்டவில்லை. முந்தானையைப் பிழிந்துவிட்டு, ஜெயிலுக்குச் சோறு கொண்டுபோக விடுவார்களா என்று மட்டும் கேட்டாள். விடுவார்கள் என்றான்.

பன்னிரண்டாம் நாள் ஆர்டர் வந்தது. "இனி நீங்க சர்க்காரு ஆளுங்க" என்று சிரித்துக்கொண்டே ஆறுக்குட்டி கையெழுத்து வாங்கினார். அய்யாவு அப்போதும் உள்ளேதான் இருந்தார். வீரையா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அக்காளிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தான். போகவில்லை.