ஆடி மாதத்துக் கேமரா

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து ஜெரோம் போன் செய்தான். எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசுகிறான். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை... எடுத்த எடுப்பில் கேள்வி.

"மாமே, ஏரிக்கரைப் பாட்டு டேப்பு உன்னாண்ட கீதா? டப் பண்ணது வேணாம். கேமராவுல போட்ட ஒரிஜினல்."

எதற்கு என்றேன்.

"அதுல அம்மா பேசுவாங்கடா. வேற எதுலயும் அவங்க குரல் இல்ல."

அவன் அம்மா இறந்து மூன்று மாதமாகிறது. வீடு நிறைய போட்டோ இருக்கிறது. போட்டோ பேசுமா?

காலேஜ் கடைசி வருடம். ஆவடி குவார்ட்டர்ஸில் ஜெரோம் எனக்குப் பக்கத்து வீடு; சொந்த ஊர் தூத்துக்குடி. சர்ச் கொயரில் பாடுகிறவன், சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். காலேஜ் விழாவுக்கு அதை வீடியோவாக எடுத்தே தீருவது என்று மண்ணூர்பேட்டை சேகர் ஒற்றைக்காலில் நின்றான். அவன் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். ஆடி மாதம் — முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா தூங்கியது. ஒரு நாள் கொடுத்தார்.

கேமரா கிடைத்தது. கதாநாயகிக்கு எங்கே போக? ஒரு பெண்ணிடம் போய்க் கேட்கும் தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. ஆகவே காற்றில் பறக்கும் சேலைதான் கதாநாயகி! தன் அம்மாவின் ரோஸ் கலர் சேலையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான் ஜெரோம்.

சாயங்கால ஏரி. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓட, ஜெரோம் வாயசைத்தான். கொஞ்ச நேரத்தில் பேட்டரி வீக். பாட்டு இழுக்க ஆரம்பித்தது.

"மெதுவா போனா இன்னா மாமே? கனவுப் பாட்டுதான... நீயும் இழுத்துகினே பாடு!" என்றான் டைரக்டர் சேகர்.

ஜெரோம் இழுத்தான். சேலை மிதந்தது. அந்த மாலை முடியவே கூடாது என்று எனக்கு இருந்தது.

ஆடிக் காற்று சும்மா விடுமா? அம்மியையே பறக்கடிக்கிற காற்று! மரத்தில் கட்டியிருந்த சேலையின் ஒரு முனை பிய்த்துக்கொண்டது. அதே நேரம் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஏலே ஜெரோமு! அது என் சேலைல்லா?"

செத்தோம் என்று நினைத்தேன். கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜெரோமின் அம்மா சேலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "சரி, நீ பாடுல. இந்த முனைய நான் புடிச்சுக்கிடுதேன்" என்று ஃபிரேமுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

சேகரின் அண்ணன் கேமரா சத்தத்தை எடுத்துவிட்டு, கேசட் பாட்டைச் சேர்த்து ஒரு காப்பி போட்டுத் தந்தார். கேசட்டில் பாட்டு சரியான வேகம், படத்தில் வாய் ஆமை வேகம். பாட்டு முடிந்த பிறகும் ஜெரோம் பாடிக்கொண்டே இருந்தான்! காலேஜே சிரித்தது. மூன்று பேரும் பின்வாசல் வழியாக ஓடினோம்.

ஒரிஜினல் டேப் என்னோடு தங்கிவிட்டது. பரணில் தேடி எடுத்தபோது ஓரமெல்லாம் பூஞ்சை. ஓடுமா? எனக்கு நம்பிக்கையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை மறுபடி கூப்பிடச் சொல்லி, வீடியோ டெக்கில் டேப்பைப் போட்டு, ரிசீவரை டிவி பக்கம் நீட்டினேன். படம் வெறும் கோடு கோடாக உருண்டது. பிறகு காற்று. இழுத்து இழுத்து ஒரு பாட்டு...

"ஏலே ஜெரோமு! அது என் சேலைல்லா?"

ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"மீட்டர் ஓடுதுடா..." என்றேன்.

"ஓடட்டும்."

மறுபடி நீட்டினேன். கோடுகளுக்கு நடுவே ரோஸ் நிறம் ஒன்று அலைந்தது. அம்மா கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கணுமாலே?"

அன்றைக்கு வாயசைத்துக்கொண்டிருந்ததால் ஜெரோம் பதில் சொல்லவில்லை. இப்போது ரிசீவருக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது.

"தூக்கும்மா."

பாட்டு மெதுவாகத்தான் ஓடியது. இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கலாம்!