லொறி ஓடாத நாளில் அளந்த லேசர்

முல்லைத்தீவிலிருந்து நஸீர் சேரின் மகள் அழைத்தபோது நான் விரிவுரை மண்டபத்தில் இருந்தேன். “அன்ரி, வாப்பா விடியக்காலமை மௌத்தாகிட்டார். உங்களுக்குச் சொல்லச் சொல்லி உம்மா சொன்னவா,” என்றாள். மரணச் செய்தியைக் கேட்டும் வகுப்பை முடித்துவிட்டே வெளியே வந்தேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

சமாதான காலத்தில் வவுனியாவில் நாங்கள் இருவரும் பௌதிகவியல் விரிவுரையாளர்கள். புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்த அவர் அப்போதுதான் வடக்குக்குத் திரும்பியிருந்தார். வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று எங்களுக்கு ஒரு லேசரைத் தந்திருந்தது. அதன் ஒளி செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற மீடிறன் மிகச் சிறிதளவே தளம்பும். அந்தச் சிறு தளம்பலை அளப்பதுதான் எங்கள் வேலை. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிலோமீற்றர் கணக்கில் நீளமான கண்ணாடி இழைச் சுருளுக்குள் அனுப்பி, பிந்தி வரும் அதை மற்றப் பாதியோடு சேர்த்துப் பார்ப்போம். தளம்பலைக் காட்டும் வரைபின் தொடக்கத்தில், மெதுவான அதிர்வுகள் பதியும் இடத்தில், ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு மேடு எழும். அது லேசரின் தளம்பல் என்று நான் எழுதினேன். இருவர் பெயரிலும் போன கட்டுரையைச் சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. அதை நம்பித்தான் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கேட்டிருந்தேன்.

கடைகளும் பஸ்களும் நின்றுபோன ஒரு கதவடைப்பு நாளில் நடந்து வந்து அளந்தோம். மேட்டைக் காணவில்லை. கருவி பழுதென்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“மிஸ், றோட்டைப் பாருங்கோ. இண்டைக்கு ஒரு லொறியும் ஓடேல்லை.”

மறுநாள் அவர் வெயிலில் வாசலில் நின்று லொறிகள் கடக்கும் நேரங்களைக் குறித்தார். நான் உள்ளே மேடு எழும் நேரங்களைக் குறித்தேன். இரண்டு தாள்களும் ஒத்துப்போயின. லொறிகளால் நிலம் அதிர, இழைச் சுருளும் அதிர்ந்திருக்கிறது. சுருளை யன்னலோரம் வைத்தவள் நான்.

“அச்சில வரட்டும் சேர், பிறகு திருத்துவம். ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?” என்றேன்.

“நாங்கள் கண்டுபிடிச்சிட்டமே, மிஸ்.”

இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், கட்டுரையை மீளப்பெற அவர் எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டேன். புலமைப்பரிசில் வேறொருவருக்குப் போனது. அரிசி ஆலையிலிருந்து அவர் சைக்கிளில் கட்டிவந்த உமியைப் பெட்டியில் நிரப்பி, அதிர்வு எட்டாதபடி சுருளை அதற்குள் புதைத்து மீண்டும் அளந்தோம். நாங்கள் எழுதியதைவிட அந்த லேசர் எவ்வளவோ அமைதியானது. அந்த அளவீடு வெளிவந்தபோது யுத்தம் திரும்பத் தொடங்கியிருந்தது. சஞ்சிகை கைக்கு வரப் பல மாதம் சென்றது.

கட்டுரையை மீளப்பெற எழுதிய கடிதத்தின் பிரதி இப்போதும் என்னிடம் உண்டு. பிழை முழுவதும் என்னுடையது. அவர் எழுதியதோ, “நாங்கள் தவறாக விளங்கிக்கொண்டோம்” என்று. இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது. என் மாணவர்களின் தவறுகளுக்காக நான் கடிதம் எழுத வேண்டி வரும்போது, அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லைத்தான் எழுதுகிறேன்.