களத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால்

எங்கள் பக்கத்தில் நிலத்தைச் சித்திரையில்தான் பங்கு பிரிப்பார்கள். அப்போது கொல்லையில் பயிர் இருக்காது என்பதால் விளைச்சல் யாருக்கு என்ற சண்டை வராது. அண்ணன் இரண்டாகப் பிரிப்பார், தம்பி முதலில் எடுத்துக்கொள்வார். நியாயமான வழக்கம்தான். ஆனால் சித்திரையில் ஒரு நிலம் காட்டும் முகம் ஐப்பசியிலும் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

ஜவளகிரிக்குப் போகும் வழியில் மலைக்கும் ஓடைக்கும் நடுவே எங்கள் நிலம் இருந்தது. மேலே செம்மண் கொல்லை. கேழ்வரகும் அவரையும் விளையும். கீழே ஓடையை ஒட்டிய பள்ளம். அதை யாரும் உழுததில்லை, மாடு மேயும் இடமாகவே கிடந்தது. பெரியப்பா மேட்டை ஒரு பங்காகவும் பள்ளத்தை ஒரு பங்காகவும் பிரித்தார். பள்ளத்தின் கீழ்க்கோடியில் இருந்த கதிரடிக்கும் களம் மட்டும் மேட்டுப் பங்கோடு சேர்ந்தது.

அந்தச் சித்திரையில் மேட்டுக்கொல்லை காய்ந்து, மண் தூசியாகப் பறந்தது. பள்ளம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அப்பா வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தார். பாதம் குளிர்ந்ததாம். பிறந்ததிலிருந்து மழைக்காக வானத்தைப் பார்த்தே கேழ்வரகு போட்டவர் அவர். கோடையில் ஈரமாக இருக்கும் மண்ணை வேண்டாம் என்று சொல்ல அவரால் எப்படி முடியும்?

"எனக்குப் பள்ளம் போதும்ணா" என்றார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் அப்பாவோடு பேசவில்லை. தான் பிரித்ததில் தம்பி குறை கண்டுவிட்டதாக நினைக்கிறார் என்று அப்பா நினைத்தார்.

நான் அப்போது ஓசூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. விடுமுறைக்கு வரும்போது எங்கள் வகையறாவில் எந்தப் பெண்ணும் போடாத ரவிக்கையும் மடித்த தாவணியுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்குவேன். அப்பா பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஊரார் பார்க்கட்டும் என்று மெதுவாக நடப்பார்.

அந்த ஆடியில் பள்ளத்தில் கேழ்வரகு விதைத்தார். முளைத்தது. ஒரு சாண் உயரம் வரை மேட்டுப் பயிரைவிடச் செழிப்பாக நின்றது. பிறகு மழை பிடித்தது. மலையடிவாரத்தில் ஊற்று கசிய ஆரம்பித்தது, ஓடையும் கரைபுரண்டது. இரண்டு நீரும் பள்ளத்தில் வந்து சேர்ந்து அங்கேயே நின்றன. பயிர் நுனியிலிருந்து மஞ்சளாகி, பிடுங்கினால் கையோடு வந்தது. வேரில் அழுகிய முட்டை நாற்றம்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் அப்பாவோடு ஒரு குழி வெட்டினேன். மேலே ஒரு சாண் கறுப்பு மண், அவர் நம்பிய மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண், அதில் துருப்பிடித்த ஆணியைப் பதித்து எடுத்தது போலச் செம்புள்ளிகள். மண்வெட்டி இறங்கவில்லை, ஒட்டிக்கொண்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே குழியில் நீர் ஊறி நிறைந்தது. அதன்மேல் மண்ணெண்ணெய் சிந்தியது போல ஒரு பளபளப்பு. அப்பா விரலால் தொட்டார். அது எண்ணெயாக இருந்தால் விலகி மறுபடி கூடியிருக்கும். இதுவோ ஓடு போல உடைந்தது, தேங்கிய நீரில் படியும் இரும்புத் துருவின் ஏடு.

"தண்ணி கீழயும் எறங்கல, வெளியவும் போவல" என்றார். "கோடையில பச்சையா இருந்ததும் இதாலதான் போலிருக்கு."

அடுத்த வருடம் அவர் ஓடையை நோக்கி வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் ஓடைக்குப் போகும் என்று எல்லோரும்தான் நினைப்பார்கள். ஆனால் மலை ஓடை வெள்ளத்தில் வரும்போது பருமணலையும் கூழாங்கல்லையும் தன் கரையிலேயே முதலில் போட்டுவிடுகிறது. வண்டலும் களியும்தான் கரையைத் தாண்டி உள்ளே வருகின்றன. எத்தனையோ காலம் அப்படிப் போட்டுப் போட்டுக் கரை மேடாகிவிட்டது, உள்நிலம் தட்டு போலத் தாழ்ந்துவிட்டது. முதல் வெள்ளத்திலேயே அப்பாவின் வாய்க்கால் வழியாக ஓடை உள்ளே வந்தது.

மறுநாள் காலை அப்பா முழங்கால் சேற்றில் நின்று அந்த வாய்க்கால் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தன் களத்தின் ஓரத்தில் வந்து நின்றார். நான் வரப்பில் இருந்தேன்.

"பாப்பா, உங்கப்பன கேளு. ஓடை மேல இருக்குது, கொல்ல கீழ இருக்குது. இன்னாத்துக்கு அந்தப் பக்கம் வெட்டுனான்னு கேளு."

அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை நிமிரவில்லை.

"வேற எந்தப் பக்கம் வெட்டறதாம்? உங்க பெரியப்பாவையே கேட்டுச் சொல்லு."

வேறு பக்கம் என்று ஒன்றுதான் இருந்தது. பள்ளத்தின் கீழ்க்கோடியில், ஓடை பாறையில் இறங்கித் தாழ்ந்து ஓடும் இடம். அங்கே போக வேண்டுமானால் களத்தின் குறுக்கே வெட்ட வேண்டும். மாட்டைக் கட்டி மிதிக்கவிட்டு, சாணம் பூசிப் பூசிச் சிமெண்டு போல இறுகிய களம். அறுவடைக்கு முன் அதற்குக் கற்பூரம் காட்டுவோம், செருப்போடு யாரும் ஏறமாட்டோம். அதை வெட்டச் சொல்லி எப்படிக் கேட்பது?

பெரியப்பா காலால் களத்து மண்ணைத் தேய்த்தார். "கேக்கறவன் கேட்டா சொல்லுவாங்க. சொல்லு பாப்பா."

"நான் கேக்கமாட்டேன்னு சொல்லு. பங்கு பிரிச்சாச்சு" என்றார் அப்பா.

கூழ் கொண்டு வந்த அம்மா பானையை வரப்பில் வைத்தாள். "எருமைங்க கூட ஒண்ணப் பாத்து ஒண்ணு கத்துது. உங்களுக்கு நடுவுல எம்புள்ள தபால்காரியா? இதுக்கா அவள படிக்க வெச்சோம்?"

பெரியப்பா சிரித்துவிட்டார். அப்பாவுக்கும் உதடு துடித்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒருவர் "அண்ணா" என்றிருக்கலாம், அல்லது மற்றவர் "டேய்" என்றிருக்கலாம். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த வருடமும் பள்ளத்தில் கோரைதான் மிஞ்சியது. தை பிறந்ததும் அப்பா பெங்களூருக்குப் போய் ஒரு மில்லில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தார். அம்மா கெலமங்கலம் பக்கம் களை எடுக்கக் கூலிக்குப் போனாள்.

பெரியப்பா பங்குனியில் களத்தை வெட்டினாராம். யாரிடமும் சொல்லவில்லையாம். கடப்பாறையால் குத்திக் குத்தி, இறுகிய மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, பாறை வரைக்கும் வாய்க்கால் இழுத்தாராம். விடுமுறைக்கு வந்தபோது பெரியம்மா சொன்னாள்.

"தம்பி பொண்டாட்டி கூலிக்குப் போறத பாத்துட்டு வந்தாரு. சோறு எறங்கல. மறுநா கடப்பாறய தூக்கிட்டுப் போயிட்டாரு."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே பெரிம்மா?"

"கோவம்டி. அந்தப் பள்ளத்து மேல அவருக்குத்தான் ஆச. தம்பிக்காரன் வீட்டுக்குக் கிட்டத்துல இருக்குன்னு மேட்ட எடுப்பான்னு நெனச்சாரு. அவன் பள்ளம்னு சொன்னதும் மொகம் செத்துப் போச்சு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பயிர் அழுகியதிலிருந்து, அண்ணன் தெரிந்தே மோசமான பங்கைத் தன் தலையில் கட்டினார் என்று அப்பா உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அண்ணனோ நல்ல பங்கைத் தம்பி தட்டிக்கொண்டு போனதாக நினைத்திருந்தார். அந்த மண்ணை இருவருமே அறிந்திருக்கவில்லை.

அந்த மழையில் நீர் வடிந்தது. களி களியாகவே இருந்தாலும் வேருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. பெரியப்பா எங்களுக்காக உழுது நட்டார். கேழ்வரகு மடங்கிய கைவிரல்களைப் போலக் கதிர் பிடித்தது.

பொங்கலுக்கு வந்த அப்பா வாய்க்கால் கரையில் வெகுநேரம் நின்றார். பெரியப்பா சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

"பாப்பா, களம் போச்சே, கேவுர எங்க அடிக்கறதுன்னு பெரியப்பாவ கேளு."

"ரோட்டுல போட்டுக்கலாம்னு சொல்லு. அவன இங்கியே இருந்துக்கச் சொல்லு."

இரண்டாவது பேச்சை நான் சொல்லும் முன்பே அப்பா முடியாது என்று தலையை ஆட்டினார். மில்லில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இருமலும் பிடித்துவிட்டது. சேற்றில் இறங்க இனி உடம்பு கேட்காது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அவர் கிளம்பிய காலையில் எங்கள் கேழ்வரகைப் பெரியப்பா தாளும் கதிருமாகத் தார் ரோட்டில் பரப்பியிருந்தார். அடிக்கக் களம் இல்லை. பஸ்ஸும் வண்டியும் ஏறினால் மணி தானாகவே உதிரும். ஓசூர் பஸ் அப்பாவை ஏற்றிக்கொண்டு தாளின் மேல் மெதுவாக ஏறியது. ஜன்னலோரம் இருந்த அப்பா கீழே குனிந்து பார்த்தார். தன் பள்ளத்தில் முதன்முதலாக விளைந்தது, தான் போகும் பஸ்ஸின் சக்கரத்தில் நசுங்கி உதிர்வதைப் பார்த்தார்.

பஸ் போன பிறகு பெரியப்பா கவைக்கோலால் தாளைப் புரட்டிப் போட்டார். "அடுத்த வண்டி வரட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல்.