முகமூடித் துரைக்கு நான் கொடுத்த குரல்

அடுத்தவன் வாய் அசையும், சத்தம் நம்முடையதாக இருக்கும், திட்டு மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு நேராக நம்மிடம் வந்து சேரும். குரல் கொடுக்கிற தொழில் இவ்வளவுதான். இதே பாட்டைப் படுகிற சகோதர சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் இதில் வந்து விழுந்தது பெரம்பலூரில் ஒரு கேபிள் ஆபீஸில். அங்கிருந்து அரியலூர் வரைக்கும் வீடுகளுக்கு ஒயர் போகிறது. முதலாளி மாணிக்கம் அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பழைய வெள்ளைக்காரத் தொடர்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நம் தாத்தாக்கள் அரை டவுசர் போட்ட காலத்துக் கறுப்பு வெள்ளை. பன்னிரண்டு பாகம், ஒவ்வொன்றும் இருபது நிமிஷம். ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் நாயகன் சாகக் கிடப்பான், அடுத்த பாகத்தின் ஆரம்பத்தில் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வான். அவனுக்குக் கறுப்பு முகமூடி, கறுப்புக் குதிரை, இடுப்பில் கத்தி. ஊரில் டாக்டர், வக்கீல், பண்ணைக்காரர் என்று மூன்று நண்பர்கள். அந்த மூவரில் ஒருவர்தான் முகமூடிக்குள் இருப்பவர். யார் என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும். இது போக, தங்கச் சுரங்கத்துக்கு அலைகிற வில்லன் ஒருத்தன், அவனிடம் வாரம் தவறாமல் மாட்டிக்கொள்கிற கதாநாயகி ஒருத்தி. அண்ணன் இதற்கு ‘முகமூடித் துரை’ என்று பெயர் வைத்து, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவதாக அறிவித்துவிட்டார்.

தாத்தாவும் அம்மாயியும் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்த பையன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூப்பிட்டு வசனம் எழுதச் சொன்னார். “பன்னெண்டு வாரமும் சனம் எந்திரிக்காம பாத்துச்சுன்னா நீ இங்க நிரந்தரம். நடுவுல அதுங்க கழண்டுக்கிச்சுன்னா நீயும் கழண்டுக்க” என்றார். வீட்டில் அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் எனக்கு இடம் சொல்லிவைத்திருந்தார். லாரி ஏறும், லாரி இறங்கும், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே என் பிழைப்பு அந்த முகமூடிக்காரன் கையில் இருந்தது.

நாலு தொண்டை

ஆபீஸில் இருந்ததே நாலு பேர். லைன்மேன் செல்வராசு அண்ணனுக்குப் போஸ்ட் மரத்தின் மேலிருந்து கத்திக் கத்திப் பழுத்த குரல். அதனால் வில்லனும், கூடவே பண்ணைக்காரரும் அவருக்கு. புகார் போன் எடுக்கிற ரோசி அக்காவுக்குக் கதாநாயகி. வக்கீல் கோட்டு போட்ட ஆள் என்பதால் அவரை முதலாளி எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது டாக்டரும் துரையும். இரண்டும் என் தலையில். செட்டாப் பாக்ஸ் அட்டைப்பெட்டிகளைச் சுவராக அடுக்கி, சத்தம் வராமல் இருக்க மின்விசிறியை நிறுத்தி, வேர்வையில் நனைந்து பேசினோம்.

என் குரல் எப்படிப்பட்டது என்றால், பஸ்ஸில் நான் “டிக்கெட்” என்று கேட்டு கண்டக்டர் திரும்பிப் பார்த்த சரித்திரம் கிடையாது. அந்தக் குரலில்தான் துரை குதிரைமேல் ஏறி, கத்தியை உருவி, “அயோக்கியனே, நில்!” என்றார். முதல் வாரம் முடிந்ததும் அரும்பாவூரிலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டார். “ஏந் தம்பி, கத்திய நீட்டிக்கிட்டு பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி பேசுறானே, அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

ஒரே வண்டி, இரண்டு தடவை

இரண்டாம் பாகத்தின் கடைசியில் துரை ஏறியிருந்த குதிரை வண்டி மலை உச்சியிலிருந்து உருண்டு, பள்ளத்தில் விழுந்து, தூள்தூளாகப் போனது. தொடரும். மூன்றாம் பாகத்தில் அதே வண்டி, அதே மலை. ஆனால் இந்தத் தடவை உருளுவதற்கு முன்னாலேயே துரை ஒரு புதரில் குதித்துவிட்டார். படம் எடுத்தவர்கள் போன வாரத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டிமடத்தைப் பற்றித் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஆண்டிமடத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி பஸ் ஏறி ஆபீஸுக்கே வந்துவிட்டார். இரண்டு வாரத்தையும் செல்போனில் பிடித்து வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். “இதுல குதிக்கிறானா? குதிக்கல. வண்டிக் கதவு மூடிக் கெடக்கு. இதுல எப்புடிக் குதிச்சான்?” நான் மெதுவாக, “புழுதியில சரியாத் தெரிஞ்சிருக்காதுங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மூட்டைக்கு மேல நல்ல கொட்டை, அடியில சொத்தை. முப்பது வருசமா மூட்ட பிரிக்கிறவன்கிட்டயா இந்த வேலயக் காட்டுறீங்க?”

ரோசி அக்காவின் வேண்டுதல்

ரோசி அக்கா அடைக்கல மாதா கோயில் இருக்கிற ஏலாக்குறிச்சிக்காரர். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்கிறவர்தான். ஆனால் நாலாம் பாகத்தில் கதாநாயகியை மரம் அறுக்கிற மில்லில் கட்டிப்போட்டு, ரம்பச் சக்கரம் தலைமாட்டுக்கு வருகிறபோது அக்கா என் தாளை மறந்துவிட்டார். நான் எழுதியிருந்தது, “யாராவது காப்பாற்றுங்கள்!” அக்கா கையைக் கூப்பிக் கண்ணை மூடி, “அடைக்கல மாதாவே, ஓடிவாம்மா!” என்று அலறினார். அந்த அலறலை மறுபடி பேசி வாங்க முடியாது என்று தெரிந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

துரை சரியான நேரத்துக்குக் குதிரையில் வந்து கட்டுகளை அவிழ்த்தார். அதற்கு என் தொண்டையிலிருந்து நாலு வரி வீர வசனம் வேறு. ஒளிபரப்பு முடிந்ததும் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, கதாநாயகி எந்த மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள் என்று விசாரித்தார். பிறகு எனக்கு மனவருத்தம் வரும்படி ஒன்று சொன்னார். “அந்தப் புள்ளய மாதா பாத்துக்கும். மொகமூடி போட்டவன் எதுக்கு நடுவுல குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கிட்டு கெடக்குறான்?”

பீரோவில் பூட்டிய முடிவு

இத்தனைக்கும் கதை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. மாணிக்கம் அண்ணனுக்கு ஒரு பயம். முடிவு வெளியே கசிந்தால் எதிர்க் கேபிள்காரன் ஊர் பூராச் சொல்லிவிடுவான் என்று ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு பாகத்தை எடுத்துக் கொடுப்பார், சனிக்கிழமை பேசுவோம், ஞாயிறு போடுவோம். படத்தின் சத்தம் மழையில் தகரக் கொட்டகை இரைகிற மாதிரி இருக்கும்; அதற்குள் இங்கிலீஷ் எது, குளம்பொலி எது என்றே பிரியாது. ஆட்களின் முகத்தையும் நிற்கிற தோரணையையும் பார்த்து வசனத்தை நானாகக் கட்டுவேன். “அண்ணே, யாரு துரைன்னு நீங்களாச்சும் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதுறேன்” என்று ஒருநாள் கெஞ்சினேன். அண்ணன் சாவியை மடியில் செருகிக்கொண்டார். “நான் பாத்தா என் வாய் சும்மா இருக்காதுடா, அதனால நானும் பாக்கல.”

ஊருக்கே தெரிந்த ரகசியம்

ஆறாவது வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். “துரை யாருன்னு கேக்குறான் பாரு. டாக்டருடா! கொரல் ஒன்னு, செருமல் ஒன்னு.” டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். டாக்டருக்கும் துரைக்கும் நானே பேசினால் அவர்கள் ஒரே ஆள் என்றுதானே சனம் நினைக்கும்? இது ஆறு வாரமாக எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பை அதற்குப் பிறகு செய்தேன். மூன்று பேரில் டாக்டர்தான் பார்க்கவும் வாட்டசாட்டமாக இருந்தார். ஊரே சொல்கிறது, அவராகத்தான் இருக்கும் என்று நானும் நம்பி, ஏழாம் பாகத்திலிருந்து டாக்டர் வாயில் பூடகமாக வசனம் வைக்க ஆரம்பித்தேன். “நேற்று எனக்குக் கொஞ்சம் வெளிவேலை இருந்தது” என்று அவர் சொல்லி மெல்லச் சிரிப்பார். பார்க்கிற கூட்டம் கூடியது. நான் முதலாளியிடம் போய் ரகசியம் போய்விட்டதே என்று ஒப்புக்கொண்டபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. “மாப்ள யாருன்னு தெரியாமயா கல்யாணத்துக்குப் போறோம்? தெரிஞ்சுதான் போறோம். விடு.”

முகமூடி கழன்றது

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். வில்லன் சுரங்கம் இடிந்து செத்தான். துரை ஊர் நடுவில் குதிரையை விட்டு இறங்கினார். பக்கத்தில் வக்கீல் வந்து நின்றார். வக்கீலுக்குப் பக்கத்தில் டாக்டர் வந்து நின்றார். இனி டாக்டர் துரையாக இருக்க முடியாது. துரை முகமூடியைக் கழற்றினார். பண்ணைக்காரர்.

பண்ணைக்காரருக்குப் பதினோரு வாரமாகப் பேசியது செல்வராசு அண்ணன், அதாவது வில்லனின் தொண்டை. முகமூடி கழன்ற வாயில் என் குரல் வந்தால், பண்ணைக்காரர் குரல் எங்கே என்பார்கள். செல்வராசு அண்ணன் குரல் வந்தால், புதைந்த வில்லன் எழுந்து வந்துவிட்டான் என்பார்கள். முதலாளி, “மொகமூடியில கைய வெக்கிறப்பவே வெளம்பரத்தப் போட்டு முடிச்சிருவோம்” என்றார். ரோசி அக்கா, “ஊரே டாக்டருன்னு சொல்லுது, நாமளும் டாக்டருன்னே சொல்லிட்டுக் கண்ண மூடிக்குவோம்” என்றார். முதலாளி என்னைப் பார்த்துத் தனியாக ஒன்று சொன்னார்: “சனம் ஏமாந்துட்டோம்னு நெனச்சிச்சின்னா, நீ சிமெண்டுக்குப் போயிரு.”

சனிக்கிழமை பகல் பூரா யோசித்தேன். வீட்டில் கேட்ட கதைகளில் ராசா கிளியாகப் போனால் கிளிக் குரலில்தான் பேசுவார். வேஷம் போட்டவன் குரலையும் மாற்றத்தானே வேண்டும்? அதையே வசனமாக்கி அன்று ராத்திரியே பேசிவிட்டோம். துரை முகமூடியைக் கழற்றியதும் என் மெல்லிய குரலிலேயே, “எதிரிகள் என்னை அறியாதிருக்க, இத்தனை நாளும் என் நண்பர் டாக்டரைப் போலவே பேசி வந்தேன்” என்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு செல்வராசு அண்ணன் குரலில், “இதுதான் என் சொந்தக் குரல்!” படத்தில் அந்த நேரம் டாக்டர் பண்ணைக்காரரின் தோளைத் தட்டிச் சிரிப்பார், அதற்கு, “அடப்பாவி, அதனால்தான் எங்கே போனாலும் என்னையே சுட வந்தார்களா?” என்று ஒரு வரி வைத்தேன். எல்லாம் முடிந்ததும் செல்வராசு அண்ணன் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து என்னை முறைத்தார். “பதினோரு வாரமா ஹீரோ நான்தான்னு ஒரு வார்த்த சொல்லலயேடா, நல்லவனே.”

ஆறு இருபதுக்கு மேல்

ஞாயிறு ஆறு இருபதுக்குப் படம் முடிந்தது. போன் அடிக்கவில்லை. ஆறு இருபத்தஞ்சு ஆனது. ரோசி அக்கா ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தார். முதலாளி என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஆறரை நெருங்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். வேப்பந்தட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. “ஆறு வாரமா டாக்டருதான்னு நான் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேன். நல்லா ஏமாத்திப்புட்டீங்க. ஆனா நாயமா ஏமாத்துனீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம என்ன போடுவீங்க?”

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. அத்தனை பேரும் சிரித்தார்கள், அத்தனை பேரும் அடுத்த ஞாயிற்றைக் கேட்டார்கள், அத்தனை பேரும் தவறாமல் ஒன்று சொன்னார்கள்: கடைசியில் வந்த அந்தச் சொந்தக் குரல்தான் குரல், மற்றதெல்லாம் பல்வலிக்காரன் பேச்சு. செல்வராசு அண்ணன் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு அங்குலம் உயர்ந்துகொண்டே போனார். கடைசியில் முதலாளி என் தோளில் கை போட்டார். “இன்னையிலேர்ந்து நீ நிரந்தரம்டா தம்பி. வசனம் நீயே எழுது. ஆனா அடுத்த படத்துல ஹீரோவுக்குச் செல்வராசு பேசட்டும், நீ குதிரைக்குப் பேசு.”

அப்பாவிடம் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், கனைக்கிற வேலை என்பதை அவராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை சொல்வதாக இல்லை.