தர்மாவின் காதுக்கு எட்டிய வரைபடம்

புஷ்பலதா பிறந்தது பேராக் மாநிலத்தில், பத்து காஜா என்ற ஊரை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறியபோது குடும்பம் ஈப்போ நகருக்கு வந்து அங்கே புந்தோங்கில் குடியேறியது. பாலிடெக்னிக்கில் கணினி படித்தாள். பிறகு ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து இணைய வரைபடங்கள் செய்யத் தொடங்கினாள். அவள் கணவன் தர்மா, பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லாரி ஓட்டியவன்.

நீரிழிவு தர்மாவின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிட்டது. முதல் வருடம் அவன் வாசலைத் தாண்டவில்லை. பிறகு பார்வையற்றோர் சங்கத்தில் வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கைப்பேசியைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் புஷ்பலதா செய்த பேருந்து நிறுத்த வரைபடம் வெளியானது. காலையில் தேநீரோடு கைப்பேசியையும் அவனிடம் நீட்டினாள்.

"நான் செஞ்சதுங்க. தொட்டுப் பாருங்க."

அவன் விரலை நகர்த்தினான். "படம்," என்றது கைப்பேசி. "படம். பத்து காஜா ஆஸ்பத்திரி." இன்னும் நகர்த்தினான். "பத்து காஜா ஆஸ்பத்திரி. பத்து காஜா ஆஸ்பத்திரி."

தர்மா சிரித்துவிட்டான். "என்னலா லதா, பேராக்ல ஓடுற பஸ்ஸெல்லாம் ஆஸ்பத்திரிக்கேதான் போகுதா?"

அவளும் சிரித்தாள். வேலைக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அழுதாள்.

தவறு எங்கே என்று அன்றே கண்டுபிடித்தாள். யாராவது ஓர் இடத்தைத் தேடினால், வரைபட மென்பொருள் அவள் எழுதி வைத்த வார்ப்புருவை, அதாவது மாதிரிப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு முறை நிரப்பிப் பக்கத்தை உருவாக்கும். அந்த வார்ப்புருவில் நிறுத்தத்தின் பெயருக்கு அவள் ஒரே அடையாளத்தைக் கொடுத்திருந்தாள். ஒரு பக்கத்தில் ஓர் அடையாளம் ஒருமுறைதான் வரலாம் என்பது இணையத்தின் விதி. இங்கே எல்லா நிறுத்தங்களுக்கும் அதே அடையாளம். அதனால் எந்த நிறுத்தத்தின் பொத்தானைத் தொட்டாலும் வாசிக்கும் குரல் முதல் பெயருக்கே போய் நின்றது. கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியில் பக்கத்தைப் போட்டாள். திரை முழுக்கச் சிவப்பு.

நிறுவனத்தை நடத்தும் சுபாஷினி தயங்கினார். "இப்ப தொட்டா வேற எங்கயாவது உடையும் லதா. பார்க்க வடிவாத்தானே இருக்கு?"

"பார்க்கிறவங்களுக்கு நல்லா இருக்கு மேடம். என் வீட்டுக்காரருக்கு எல்லா ஸ்டாப்பும் ஒரே ஸ்டாப்பு."

சுபாஷினி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "செய்யுங்கோ," என்றார்.

ஒவ்வொரு நிறுத்தத்தின் அடையாளத்தோடும் அதன் எண்ணைச் சேர்த்தாள். நிரலில் திறந்து மூடாமல் விட்ட குறிகளை மூடினாள். ஒவ்வொரு நிறுத்தத்தின் படத்துக்கும் குரல் வாசிக்க விளக்கம் எழுதும்போதுதான் திணறினாள். மாலையில் தர்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"'நிறுத்தத்தின் படம்'னு எழுதினா எனக்கு என்ன புரியும்?" என்றான் அவன். "கடை வரிசை முடியுற இடம், பக்கத்துல பெரிய காண்டா இருக்குன்னு எழுது. காலுக்குத் தெரியணும்ல?"

காண்டா என்றால் சாக்கடை. அவள் அப்படியே எழுதினாள். ஒவ்வொரு நிறுத்தமாக அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். பார்வை போன பிறகு அவன் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை.

புதிய பக்கம் வெளியான சில நாளில், தர்மாவோடு லாரியில் உதவிக்குப் போய்வந்த பழனியப்பன் கால் உடைந்து பத்து காஜா மருத்துவமனையில் சேர்ந்தான்.

"நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்," என்றான் தர்மா.

"சனிக்கிழமை கார்ல போலாம்ங்க."

"இல்ல லதா. பஸ்ல. தனியா."

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்லாமல் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மதியத்துக்குச் சற்று முன் கைப்பேசி ஒலித்தது.

"வந்து சேர்ந்துட்டேன் லதா. பழனி பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்."

பின்னாலிருந்து பழனியப்பன் கத்துவது கேட்டது. "அக்கா, அண்ணன் தனியா வந்திருக்காருக்கா!"

"ஒண்ணு மட்டும் சலா," என்றான் தர்மா. தப்பு என்பதை அவன் அப்படித்தான் சொல்வான். "ரோடு வேலைக்காக ஸ்டாப்பை முன்னால தள்ளி வச்சிருக்காங்க. ஒரு மலாய்க்கார அம்மா கையைப் புடிச்சு கூட்டிட்டு வந்து விட்டாங்க. மாத்திடு, என்ன?"

"மாத்திடுறேங்க," என்றாள். அப்போதே அந்த நிறுத்தத்தின் பக்கத்தைத் திறந்தாள். சுபாஷினி வந்து அவள் மேசையில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே பழனியப்பனைப் பார்க்கப் போனார்கள், பேருந்தில். காரை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று சொன்னவள் புஷ்பலதாதான். ஜன்னல் காற்றில் அவள் தர்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவன் கைப்பேசியைக் காதருகே வைத்து, வரும் நிறுத்தங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"எந்திரி லதா," என்று மெல்ல அவள் கன்னத்தைத் தொட்டான். "அடுத்ததுல இறங்கணும்."