ஐயனார் வாடகைக்கு எடுத்த வண்டி

பட்டினச்சேரியில் யாருடைய வலையாவது கடலடியில் மாட்டிக்கொண்டால் முதலில் தேடுவது என் அக்கா புருஷன் ஐயனாரைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். மேலே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கும்போது வலையோடு எழுந்து வருவார். வந்ததும் ஒரு பீடி கேட்பார். நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "இந்த மனுசன்கிட்ட பேசுறதுக்கு சுவத்துகிட்ட பேசலாம்" என்பாள் என் அக்கா சாரதாம்பாள். சுனாமி வந்து போன மறுநாள் ஆற்றுமுகத்தில் இறங்கி யார் யாரையோ எடுத்துக் கொடுத்தவர். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சோமு. டி.ஆர்.பட்டினத்தில் படகு இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பேய்க்கதை சொல்லிக்கொண்டு வருகிறவனைப் பட்டறைப் பக்கமே சேர்ப்பதில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், எனக்கு வேலை இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2008 கார்த்திகைப் புயலில் ஐயனாரின் தம்பி முத்துக்குமரன் ஓட்டிப்போன விசைப்படகு மூழ்கியது. கூடப் போனவர்களை வேறொரு படகு தூக்கிக்கொண்டது. சுக்கான் பிடிக்கும் அறைக்குள் நின்ற முத்துக்குமரன் மட்டும் வெளியே வரவில்லை. மூழ்கிய இடம் தூக்கிக்கொண்ட படகின் ஜிபிஎஸ் கருவியில் பதிந்திருந்தது. இடம் தெரியும், ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காமல் காரியம் எப்படிச் செய்வது? அவன் மனைவி வினோதினி பூவோடும் பொட்டோடும் இருப்பதா, எடுப்பதா என்று ஊர் ஆளுக்கொன்று பேசியது. அவள் யாரோடும் பேசவில்லை. காலையிலும் சாயங்காலமும் அலை ஓரத்தில் போய் நின்று, "வாங்க, வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுவாள். எப்படியாவது தம்பியை எடுத்துவந்து அவள் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று ஐயனார் முடிவு செய்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. செத்தவன் கிடக்கிற படகுக்கு நேர் மேலே எங்கள் ஆட்கள் நங்கூரம் போடமாட்டார்கள். அவன் தலையில் போட்டது போலாகும். நன்றாகத் தள்ளித்தான் போட வேண்டும். அங்கிருந்து போகும்போது நீரோட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்பும்போது அதை எதிர்த்து வர வேண்டும். எந்த நெஞ்சின் மூச்சும் அதற்குப் போதாது.

வழி சொன்னது நான்தான். உதிரி பாகம் வாங்கப் புதுச்சேரி போனபோது ஒரு டைவிங் கடையில் அந்த வண்டியைப் பார்த்திருந்தேன். மஞ்சள் உடம்பு, பின்னால் கூண்டுக்குள் சின்ன விசிறி, பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி. விசையை அழுத்தினால் தண்ணீருக்குள் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கடைக்காரர்கள் அதை ஸ்கூட்டர் என்றார்கள்.

தை மாதம் கடல் தெளிந்ததும் இருவரும் என் மோட்டார் சைக்கிளில் போனோம். கற்றுக்கொள்ளாதவருக்கு வாடகைக்குத் தரமாட்டோம் என்றார் அங்கே பயிற்சி கொடுக்கும் அஷ்வின். நியாயம்தானே. ஐயனாருக்கு ஸ்கூட்டரைவிடக் காற்று சிலிண்டர்தான் பெரிய பாடாக இருந்தது. பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள் மூச்சை அடக்கிப் பழகியவர், வாயில் குழாயை வைத்தும் மூச்சு விடவில்லை.

"அண்ணா, மூச்சு விடுங்க! அடக்கிட்டே மேல வந்தா நெஞ்சு கிழிஞ்சிடும்" என்று அஷ்வின் கத்தினார்.

"தண்ணிக்குள்ள எவனாவது மூச்சு விடுவானா?" என்றார் ஐயனார் என்னிடம்.

முதல் தடவை விசையை ஒரேயடியாக அழுத்தினார். வண்டி அவரை இழுத்துக்கொண்டு பாய்ந்தது, அரைக்கால் சட்டை மட்டும் பின்தங்கிவிட்டது. கரையில் நின்ற வெள்ளைக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். ஊருக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. புதுச்சேரியிலேயே தங்கிப் பழகினார். விசையை விட்டால் வண்டி நிற்கும், மெதுவாக எழும்ப வேண்டும், கொண்டுபோகும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். எல்லாம் படிந்த பிறகு, என் மோட்டார் சைக்கிளை ஈடாக நிறுத்திவிட்டு வண்டியையும் சிலிண்டர்களையும் வாடகைக்கு வாங்கினோம்.

சிலிண்டர்கள் மீன் வண்டியில் வந்தன. ஸ்கூட்டரை மட்டும் ஐயனார் கையைவிட்டு இறக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, பம்புசெட்டா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"தம்பியைக் கூட்டிவரப் போறேன்" என்றார் ஐயனார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

எங்கள் ஊர் நீலமேகத்தின் படகில் போனோம். வடக்கே தள்ளி நங்கூரம் போட்டோம். ஐயனார் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார், விசிறிச் சத்தம் தேய்ந்து போனது. கீழே நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

படகு கவிழாமல், மீன் பிடிக்கிற மாதிரியே மணலில் நிமிர்ந்து நின்றிருக்கிறது. வலை பின்னால் நீரோட்டத்தில் நீண்டு ஆடியிருக்கிறது. சுக்கான் அறையைச் சுற்றிக் கயிறும் வலையும் இறுகிக் கதவை மூடியிருக்கின்றன. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே முத்துக்குமரனின் மழைக்கோட்டு. தலைமூடியைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, சுக்கானைப் பார்த்தபடி நிற்கிறது. ஸ்கூட்டரின் விசிறி சுழலும்போதெல்லாம் அதன் கை மேலே எழும்பி எழும்பி இறங்குகிறது. விசிறி தள்ளும் தண்ணீரால்தான் என்று இவருக்குத் தெரியும். விசையை விட்டிருக்கிறார். விசிறி நின்றது. கை இன்னொரு தடவை எழும்பியது.

கயிற்றை அறுத்துக் கதவைத் திறக்கக் காற்று போதாது. திரும்பித்தான் ஆக வேண்டும். கண்ணாடியில் கையை வைத்து, குழாயைக் கடித்தபடியே, "போய்ட்டு வரேன்டா தம்பி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் நீலமேகத்துக்கு முகம் மாறிவிட்டது.

"செத்த வீட்டுல போய்ட்டு வரேன்னு சொல்லுவாங்களா ஐயனாரு? பேசாம எழுந்து வரணும்னு உனக்குத் தெரியாதா?"

"என் தம்பிடா. வாயில வந்துடுச்சு."

நான் ஸ்கூட்டரின் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பையில் போட்டு, வண்டியைப் படகின் நடுவில் கிடத்தினேன். கரை தெரியும்வரை அதன் விசிறி மெதுவாகச் சுழன்றுகொண்டே வந்தது. காற்றில் சுழல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று காற்று பேருக்குக்கூட இல்லை. படகில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அரிவாளும் கத்தியும் எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நங்கூரம் போட்டோம். ஐயனார் இறங்கினார். விசிறிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நங்கூரக் கயிறு ஆடியது. அவர் கயிற்றைப் பிடித்து எழும்பி வந்தார். ஸ்கூட்டர் கழுத்துப் பட்டையில் தொங்கியது, விசையைத் தொட்டிருக்கவே இல்லை. இன்னொரு கையில், தம்பியின் மிச்சத்தோடு இருந்த மழைக்கோட்டைக் குழந்தையைப் போல அணைத்திருந்தார்.

"நங்கூரத்துகிட்டயே படுத்திருந்தான்" என்றார். "கரையைப் பாத்து."

சாவி போட்டது போல் பூட்டிக்கிடந்த அறை. அங்கிருந்து நங்கூரம்வரை நீரோட்டத்துக்கு எதிர்த் திசை. உயிரோடு இருந்த ஐயனாருக்கே அதைக் கடக்க ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. வலை தானாக அறுந்திருக்கலாம், நீரோட்டம் இடையில் மாறியிருக்கலாம் என்று எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அன்று யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து, சாயங்காலம் சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன் வினோதினி வந்து பார்த்தாள். மழைக்கோட்டின் கழுத்துப் பொத்தான் அவள் தைத்தது, வேறு நிற நூல். அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நீலமேகம் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தான், அவள் காதுக்கும் வந்திருக்க வேண்டும்.

"மாமா, நேத்து அவருகிட்ட என்னங்க சொன்னீங்க?"

ஐயனார் தலையைக் குனிந்துகொண்டார். "போய்ட்டு வரேன்னு சொல்லிட்டேம்மா. தப்புதான்."

"தப்பில்லைங்க." அவள் குரல் தெளிவாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தது. "நான் தினமும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். வரலை. நீங்க வரேன்னு சொன்னதும் பாதி வழி வந்துட்டாரு. நானும் வரேன்னு சொல்லியிருக்கணும்."

பாடையைத் தூக்கினார்கள். பேசாமல் அனுப்ப வேண்டிய நேரம் அது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். வினோதினி மட்டும் குனிந்து, அவன் காதிருக்கும் பக்கமாக ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, கிட்ட நின்ற ஐயனாருக்குக் கேட்டது.

அவர் அதற்குப் பிறகு வலை எடுக்கக்கூட எங்கும் இறங்கவில்லை. கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். வினோதினி காலையிலும் சாயங்காலமும் அலை ஓரத்துக்குப் போகிறாள், இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. அவளுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் ஐயனார் நிற்கிறார்.